கடன் கழித்தது போக

ஹபீபா கொண்டுவந்த பிரச்சினை மக்பூலுக்கு இரண்டு நிமிட வேலை. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கணக்குப் பார்த்த மனிதர். நோன்பு மாதம் வந்தால் ரொறொன்ரோவில் இருக்கும் ஊராக்கள் சேமிப்பிலிருந்து ஏழைகளுக்குக் கொடுக்கவேண்டிய ஸக்காத்தின் கணக்கெல்லாம் அஜக்ஸில் அவர் வீட்டுச் சமையலறை மேசைக்குத்தான் வரும். எல்லாருக்கும் அவர் காக்கா, மூத்த அண்ணன்.

ஹபீபா ரெக்ஸ்டேலில் ஒரு பேஸ்மென்ற்றில் இருப்பவள். கந்தோர்கள் கூட்டித் துடைத்து ஆயிரத்து இருநூறு டொலர் சேர்த்திருந்தாள். ஆறு வருசமாய்ப் புத்தளம் அகதி முகாமில் கிடக்கும் மகனைக் கனடாவுக்குக் கூப்பிட வைத்திருக்கும் காசு.

"ஒரு வருசம் கையில கிடந்த காசுக்குத்தான் ஸக்காத். கிடந்ததோ?"

"ஓம் காக்கா. ஆனால் என்னைக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரனுக்கு இன்னும் மூவாயிரம் குடுக்கக் கிடக்கு. அதைக் கழிக்கலாமோ?"

"கடனைக் கழிக்க வெளிக்கிட்டால் கனடாவில ஒருத்தரும் ஸக்காத் குடுக்கமாட்டினம். நாற்பதில ஒண்டு. முப்பது டொலர்."

ஒரு துண்டுக் கடதாசியில் கணக்கைப் போட்டு, அடியில் ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தார். அவள் அதை நாலாய் மடித்து வைத்துக்கொண்டு பனிக்குள் ரயில் ஸ்ரேசனுக்கு நடந்தாள். காரில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். நோன்பு திறக்க நேரமாகிவிட்டது என்று மக்பூல் தன்னைச் சமாளித்துக்கொண்டார்.

பிறகு தன்னுடைய கணக்கு. வங்கியில் நாற்பதாயிரம். ஸக்காத் ஆயிரம் டொலர்.

ஆயிரம் என்று எழுதியதும் அவருக்கு மார்க்க அறிவு பெருகியது. வீட்டு மோட்கேஜ் ஒரு லட்சத்து அறுபதாயிரம், அதுவும் கடன்தானே. கழித்தார். விடை சைபருக்குக் கீழே ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் போய் நின்றது.

மனைவி சமீமா எட்டிப் பார்த்தாள். "இப்பதானே அந்தப் பிள்ளைக்குக் கடன் கழிக்கேலாது எண்டீங்கள்?"

"அது சில்லறைக் கடன். இது இருபத்தைஞ்சு வருசக் கடன். உனக்கு உது விளங்காது."

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிய, ஸக்காத்தைச் சேர்த்துப் பங்கிடும் நியாஸிடம் தன் கணக்குத் தாளை நீட்டினார். வெறுங்கையோடு போனால் கஞ்சன் என்பார்கள். கணக்கோடு போனால் யார் வாய் திறப்பது?

நியாஸ் இரண்டு தரம் படித்தான். முகம் வாடிப்போனது.

"இவ்வளவு கடனோ காக்கா? எங்களுக்குத் தெரியாமல் போச்சே."

"இப்ப தெரிஞ்சுகொள்ளும்" என்றார் மக்பூல், கொஞ்சம் பெருமையாகவே.

பெருநாளுக்கு முதல்நாள் நியாஸ் வாசலில் வந்து நின்றான். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கடித உறையை அவர் கைக்குள் வைத்து அழுத்தினான்.

"வெக்கப்படாதேங்கோ காக்கா. கடன்பட்ட ஆளுக்கும் ஸக்காத் குடுக்கலாம் எண்டு குர்ஆனிலயே கிடக்கு. இந்த முறை லிஸ்ற்றில உங்களை விடப் பெரிய கடன்காரர் இல்லை."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் ஆயிரம் டொலர் கட்டவேண்டிவரும். வாயை மூடிக்கொண்டார்.

நியாஸின் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உறையைப் பிரித்தார். ஒரு இருபது டொலர் தாள். ஒரு பத்து டொலர் தாள். இரண்டுக்கும் நடுவில், நாலாய் மடித்த துண்டுக் கடதாசி. அவருடைய கையெழுத்தேதான்:

'1200 ÷ 40 = 30. கடன் கழிக்கப்படவில்லை.'