பெட்டிக்குள் பூனை

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அண்ணி, என் டி-ஷர்ட்டில் இருந்ததை அப்போதுதான் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“என்ன கண்றாவி தம்பி இது? உங்க அண்ணன் உள்ள கெடக்கறாரு, இதையா போட்டுட்டு வருவீங்க?”

குனிந்து பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது.

ஒரு மூடிய பெட்டி. வால் மட்டும் வெளியே. கீழே கொட்டை எழுத்தில், ‘உயிரோடு இருக்கிறது. செத்தும் போய்விட்டது.’

அண்ணனும் நானும் டி-ஷர்ட் அச்சடித்து விற்கிறோம். இது அவன் மூளையில் உதித்தது. பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை உள்ளே இருக்கும் பூனை உயிரோடும் இருக்கிறது, செத்தும் இருக்கிறது என்று இயற்பியலில் ஒரு வினோதமான கற்பனை உண்டு. அண்ணனுக்கு அதில் பைத்தியம்.

ஒன்றுகூட விற்கவில்லை. E=mc² போட்டதுதான் சுடச்சுடப் போகும். அர்த்தம் கேட்டால் வாங்கியவர் திருதிருவென்று முழிப்பார், ஆனாலும் தெரிந்தவரைப் பார்த்தது போல ஒரு சந்தோஷம். பூனையைப் பார்த்தவர்களோ, காணாமல் போன பூனையா என்று விசாரித்தார்கள்.

விற்காததை நாங்களே போட்டுத் தேய்த்தோம். அன்று காலையில் கடைப் பலகையை மாட்ட ஏறிய அண்ணன் ஏணியோடு சாய்ந்தான். தலையில் அடி. அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தபோது, உடம்பில் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

எங்காவது மறைவாகப் போய்த் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

கதவு திறந்தது.

வெளியே வந்த டாக்டரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. களைத்துப் போயிருந்தார். தாடைக்குக் கீழே முகக்கவசம் தொங்கியது. அவர் கண் நேராக என் நெஞ்சில் வந்து நின்றது.

படித்தார். பக்கென்று சிரித்துவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளில் அண்ணனின் பூனையைப் புரிந்துகொண்ட முதல் ஆள்! அதைவிட, கெட்ட சேதியோடு வருகிறவர் இப்படிச் சிரிப்பாரா? அண்ணனிடம் சொன்னால் கட்டிலிலேயே குதிப்பான்.

அண்ணியைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக எழுந்து நின்றாள்.

டாக்டர் சிரிப்பு அடங்காமலே கூடத்தில் இருந்தவர்களைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏணியிலேர்ந்து விழுந்தவரோட வந்தவங்க யாரு?”

அண்ணி கையைத் தூக்கினாள்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார்.

பிறகு, மறுபடியும் என் டி-ஷர்ட்டைப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.