கதவுக்கு வெளியே

தன் முதல் படத்துக்கு ரசிகர்கள் எழுதிப்போட்ட கருத்துச் சீட்டுகளை, தியேட்டர் மேனேஜர் வாசிக்க வாசிக்க, இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வயதில் ஓநாயாக மாறத் தொடங்கும் மகளை அப்பா மூன்று நாள் அறையில் பூட்டிவைக்கிறார். அவள் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

"'ஓநாயைவிட அந்த அப்பனைப் பாத்தாத்தான் குலை நடுங்குது.' நூத்துக்குத் தொண்ணூறு பேர் இதேதான் எழுதிருக்காங்க மேடம்."

"அந்த ஆளு மேல யாருக்கும் பரிதாபம் வரக்கூடாதுன்னுதான் எழுதினேன்," என்றாள்.

"இதக் கேளுங்க. யாரோ வயசான அம்மா, கோழிக் கிறுக்கலா எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. 'மூணு நாளும் அவர் கதவுக்கு வெளியிலயே பச்சத்தண்ணிகூடக் குடிக்காம அழுதுட்டு உக்காந்திருந்தார். அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் வீட்டுல ஒரு கதவக்கூடப் பூட்டவிடல. அத ஏன் காட்டல?'"

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படி ஒரு சீனே இல்லையே! வேற படத்தப் பாத்துட்டு எழுதிட்டாங்க போல."

அவள் சீட்டை வாங்கி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேடம், கதை எழுதினவங்க நீங்க. கதவுக்கு வெளியில என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது," என்றாள். "நான் உள்ள இருந்தேன்."