நான்கு சாட்சிகள்

"நாலு சாட்சி. நாலு பேரும் நாலு மாதிரி சொல்றானுங்க. இந்தக் கேஸ் எந்தக் கோர்ட்டுலயும் நிக்காது" என்று பென்சிலை மேஜைமேல் போட்டார் இன்ஸ்பெக்டர்.

அவருடைய யூனிஃபார்ம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. மேஜைமேல் விரிந்து கிடந்தது கேஸ் கட்டு அல்ல, இறந்துபோன இன்ஸ்பெக்டரின் அப்பாவுடைய பைபிள். வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

அப்பா போன நாளோடு சர்ச்சுக்குப் போவதை நிறுத்தியவர் அவர். அன்று பந்தோபஸ்து வேலையாக வெளியூரில் இருந்தார். அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தபோது வீட்டிலிருந்த நாலு பேரும், அதாவது மனைவி, தம்பி, தம்பி மனைவி, தங்கை, அழுதபடி நடந்ததைச் சொன்னார்கள். விடிகாலை ஜெபத்துக்கு இறங்கி வந்தார், திருப்பத்துப் படியில் கால் வழுக்கியது, 'ஆண்டவரே' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஜெபம் பண்ண வந்த கிழவரைப் படியில் உருட்டிவிடுகிற கடவுள் தனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். தம்பியோ, அப்பாவின் அறை இருக்கும் மாடிக்கு ஏறுவதையே விட்டுவிட்டான். துக்கம் ஆளுக்கு ஒரு விதமாகத்தான் வருகிறது.

மனைவிதான் விடவில்லை. புருஷன் இப்படியே இருந்து நரகத்துக்குப் போய்விடுவாரோ என்ற பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தன் போலீஸ் மூளையை வைத்தே அவர் வேதத்தை விசாரிக்கட்டும். உண்மை என்று பட்டால் இந்த ஞாயிறு சர்ச்சுக்கு வரவேண்டும். பொய் என்று பட்டால் அவள் இனி இந்தப் பேச்சையே எடுக்கமாட்டாள்.

கேட்கவா வேண்டும்? மனிதர் குற்றவாளியைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டார். இயேசு உயிர்த்தெழுந்ததை எழுதிய நாலு பேரில், கல்லறைக்கு ஒரு பெண் போனாள் என்கிறார் யோவான், இரண்டு பேர் என்கிறார் மத்தேயு, மாற்கு மூன்று பேரைச் சொல்கிறார். உள்ளே இருந்த தூதர் ஒருவரா இரண்டு பேரா என்பதிலும் தகராறு. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கல்லறை காலியா இருந்துச்சா இல்லையாங்கிறதுல நாலு பேரும் ஒண்ணுதானே? கட்டுக்கதை சொல்றவன் அந்தக் காலத்துல பொம்பளைங்களையா முதல் சாட்சியா நிறுத்துவான்? அவங்க பேச்சை அப்ப யாரு மதிச்சா?"

"அது சரி. ஆனா ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி?"

"அதை நீங்க கேக்கலாமா? கிடங்குக்குத் தீ வச்ச கேஸ்ல மூணு காவலாளியையும் எப்படிப் பிடிச்சீங்க? வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே. கண்ணால பாத்தவன் ஆளுக்கு ஒரு மாதிரிதான் சொல்வான், ஒப்பிக்கிறவன்தான் வார்த்தை மாறாம சொல்வான்னு."

வாதத்தில் ஜெயிக்கிற வேகம் அவளுக்கு. நாலு பேரும் உட்கார்ந்து பேசி வைத்து எழுதியிருந்தால் இந்தப் பிசிறெல்லாம் இருந்திருக்காது, பிசிறு இருப்பதால்தான் நம்ப வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

இன்ஸ்பெக்டர் பைபிளை மெதுவாக மூடினார்.

"நீ சொல்றது சரிதான். ஞாயித்துக்கிழமை வர்றேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பி எல்லோரையும் கூப்பிட்டாள். தங்கை ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி மனைவி கதவோரம் வந்து நின்றாள். தம்பி வந்தவன் மாடிப்படிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா எப்படி விழுந்தாரு? இன்னொரு தடவை சொல்லேன்" என்றார் மனைவியிடம்.

அடைத்து வைத்த துக்கம் இப்போதுதான் கரைகிறது என்று நினைத்தாள் அவள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"விடிகாலை ஜெபத்துக்கு எறங்கி வந்தாரு. திருப்பத்துப் படியில கால் வழுக்கிடுச்சு. 'ஆண்டவரே'ன்னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்."

அவர் தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"எத்தனை தடவைண்ணே சொல்றது?" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "விடிகாலை ஜெபத்துக்கு எறங்கி வந்தாரு. திருப்பத்துப் படியில கால் வழுக்கிடுச்சு. 'ஆண்டவரே'ன்னு ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்."

கதவோரம் நின்ற தம்பி மனைவியின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், தான் சற்றுமுன் சொன்னதெல்லாம் நினைவுக்கு வர, அப்படியே நின்றுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். சூடு ஆறாத யூனிஃபார்ம் சட்டையை எடுத்து மாட்டினார். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"நாலு பேருக்கும் சொல்லிக் கொடுத்தது யாரு?"