இடது பக்கம் ஒரு கோலா

"அதோ, இடது பக்கம் ஒரு கோலா," என்றாள். "குட்டிய முதுகுல தூக்கி வச்சிருக்கு."

"அடடா, ஆமா," என்றார் கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர். "பாத்தேன், பாத்தேன்."

இடது பக்கத்து மரங்களில் எதுவும் இல்லை.

கார் போய்க்கொண்டிருந்தது. செம்மண் பாதை. மாலை ஐந்து மணி. கங்காருத் தீவில் அவர்களுக்கு இது இரண்டாவது நாள்.



வேண்டுமென்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள். மத்தியானத்திலிருந்தே சந்தேகம்.

கடலோரம் உட்கார்ந்து சாப்பிடும்போது ஓர் உடும்பு வந்தது. சின்னதில்லை, அவள் கை நீளம் இருக்கும். அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அவர் பாட்டுக்குத் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கத்திய பிறகுதான், "ஓ, இவனா," என்றார். என்னவோ தினமும் பார்த்துப் பேசுகிற ஆள் மாதிரி.

காலையில் மணலெல்லாம் கடற்சிங்கங்கள். அவள் காட்டிய பக்கம் அவர் தலையைத் திருப்பவே இல்லை. ஆனால், "என்ன அழகு," என்றார்.

நேற்று டென்ட் அடிக்கும்போது ஒரே கயிற்றில் மூன்று தடவை தடுக்கினார். கிழவா என்று அவள் கேலி செய்தாள். இப்போது அதை நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் இரண்டு நாளாக வண்டி ஓட்டுகிறார்!

எப்படிக் கேட்பது? இருபத்தாறு வருஷமாக ஸ்டியரிங் அவர் கையில்தான். அவளுக்கும் லைசென்ஸ் இருக்கிறது. அடிலெய்டில் காய்கறிக் கடை வரைக்கும் ஓட்டுவாள். அதற்கே, "கார் பாவம்டி," என்பார்.



அப்போது நிஜமாகவே ஒன்று வந்தது.

வாலபி. கங்காருவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். இடது பக்கப் புதரிலிருந்து ஒரே தாவு.

"ஏங்க! பிரேக்கு! பிரேக்கு!"

கார் சரளைக் கல்லில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. நேர் முன்னால் அந்த வாலபி. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தாவிப் போய்விட்டது.

புழுதி அடங்கியது.

"கோலா இல்லங்க," என்றாள். "நான் சும்மா சொன்னேன்."

அவர் இன்ஜினை அணைத்தார்.



"நேரா தெரியுது மங்கை. ரோடு நல்லா தெரியுது. சைடுலதான்..."

முகத்தின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மறைத்துக் காட்டினார்.

பொங்கலிலிருந்தே இப்படித்தானாம். டாக்டரிடம் தனியாகவே போய் வந்திருக்கிறார். கண்ணில் அழுத்தமாம். போன பார்வை திரும்பாதாம். மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாமாம். தூசி அலர்ஜி என்று சொல்லித் தினமும் விட்டுக்கொள்கிற சொட்டு மருந்து அதற்குத்தானாம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செத்திருப்போம். ரெண்டு பேரும். இந்தக் காட்டுல."

"தெரியுது."

"அப்புறம் எதுக்கு இந்த ஊர் சுத்தற வேலை?"

அவர் நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியறப்பவே எல்லாத்தையும் ஒரு தடவ பாத்துடலாம்னுதான்."

அவளுக்குக் கோபம் பாதியில் நின்றது.

பார்க்கத்தானே வந்தார்? எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், சாவியைப் பிடுங்கிவிடுவாள் என்று பயம். அந்தப் பயத்தில், கப்பலேறி வந்து, டென்ட்டில் படுத்து, கொசுக்கடி பட்டு, ஒன்றையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஆமா போட்டிருக்கிறார். திட்டவும் மனசு வரவில்லை. திட்டாமலும் இருக்க முடியவில்லை.

"இறங்குங்க," என்றாள்.

இறங்கினார். பானட்டைத் தடவிக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார்.

அவள் டிரைவர் சீட்டுக்கு மாறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் திருப்பினாள். உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைப்பதாக நினைத்து ஜீன்ஸில் துடைத்தாள்.

கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் புறப்பட்டது. அவர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கேலி செய்யவில்லை. செய்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

முப்பதிலேயே போனாள்.

கூடாரம் போட வேண்டிய இடத்துக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.

பாதையோரம் ஓர் எறும்புப் புற்று. அதன் மேல் ஏதோ அசைந்தது. முள்ளம்பன்றி மாதிரி, உருண்டையாய், உடம்பெல்லாம் முள்ளாய்.

"அங்க ஒண்ணு இருக்கு," என்றாள்.

இந்தத் தடவை அவர் ஆமா போடவில்லை.

"எங்க?"

கடன் கேட்கிற மாதிரி அவ்வளவு சன்னமாகக் கேட்டார்.

அவள் காரை ஓரம் கட்டினாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் பக்கம் சாய்ந்தாள். இரண்டு கைகளாலும் அவர் முகத்தைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் கீழே.

அவர் கன்னம் அவள் கைக்குள் அசைந்தது.

"ஐயோ, மூக்கப் பாரு மங்கை! பென்சில் மாதிரி நீட்டிக்கிட்டு. மண்ணுக்குள்ள விட்டுத் துழாவுது பாரேன்."

அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். துடைத்துக்கொள்ளக் கை வேண்டும்.

இரண்டு கையும் அவர் முகத்தில் இருந்தன.