தள்ளி வைத்தல்

"என் தங்கச்சியைத் தள்ளி வச்சிட்டீங்களாமே மாப்பிள்ளை?"

கேட்டைத் திறந்த கையோடு அண்ணன் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி போனில் வத்தி வைத்திருந்தாள். ஊரடங்கு தளர்ந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்துவிட்டார்.

"வாங்க மச்சான். அது வந்து..."

"என்ன வந்து போயி? அவ மாடி ரூம்ல, நீங்க கீழே. சாப்பாட்டைப் படிக்கட்டுல வச்சிட்டு ஓடி வந்துடுறீங்களாம். உண்டா இல்லையா?"

"உண்டுதான். ஆனா..."

"ஆனா ஆவன்னா எல்லாம் நானும் படிச்சவன்தான்!"

மருந்துக்கடைக்கார மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டார். அண்ணன் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கொட்டாவி விடக்கூட இடம் கிடைக்காது.

"நாள் முழுக்கக் காய்ச்சல் மாத்திரை விக்கிறீங்க. அந்த வியாபாரம் இனிக்குது. காய்ச்சல்காரங்களைத் தொட்டுக் கவனிக்கிற நர்ஸு பொண்டாட்டி மட்டும் கசக்குதோ?"

அப்பா இல்லாத வீட்டில் தங்கையை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர் அண்ணன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட அவளைப் பற்றிப் பீற்றிக்கொள்வார். அப்படிப்பட்டவளுக்கா இந்தக் கதி?

"இப்பவே கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்ல அவளுக்கு நடுவீட்டுலயே இடமிருக்கு!"

மாடிப்படியில் கால் வைத்தார்.

"ஏறாதீங்க மச்சான்!" மாப்பிள்ளை கத்தினார். அந்தச் சாதுவான மனுஷன் கத்தி அண்ணன் கேட்டதே இல்லை.

மேலே கதவு திறந்தது. தங்கை நின்றாள். மாஸ்க்குக்கு மேலே கண்கள் சிரித்தன.

"அண்ணா, அங்கேயே நில்லு. மேல வராதே!"

"நீயும் இவருக்குப் பயந்துக்கிட்டு..."

"கொஞ்சம் பேச விடேன். நான் காய்ச்சல் வார்டுல இல்லண்ணா. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷனையெல்லாம் தள்ளி வச்சிட்டாங்க. தள்ளி வச்சா கேன்சர் கேக்குமா? அதுக்குன்னு தனிக் கட்டடத்துல ஒரு ஆபரேஷன் தியேட்டர் திறந்திருக்காங்க. அங்க நான்தான் தலைமை நர்ஸ். எங்கள்ல ஒருத்தருக்குக் காய்ச்சல் தொத்தினாலும் தியேட்டரை மூடிடுவாங்க. நாளைக்குக் கட்டியை எடுக்கக் காத்திருக்கிற அம்மா மறுபடியும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்."

தலைமை நர்ஸ்! அண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மாப்பிள்ளையின் முகத்திலும் பெருமை வழிந்தது. அவரை நேருக்கு நேர் பார்க்கத்தான் அண்ணனுக்குக் கூச்சமாக இருந்தது.

"அப்போ... இவரு உன்னைத் தள்ளி வைக்கலையா?"

"நல்லாக் கேட்டே! தினமும் கடையில காய்ச்சல்காரங்களோட நிக்கிறது யாரு? இவருதானே? நான்தாண்ணா இவரைத் தள்ளி வச்சிருக்கேன்!"