நீர்யானைக்கு ஒரு குளியல்

நிபுணர் நீர்யானையை மல்லாக்கப் புரட்டியதும் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கண்ணாடி நீர்யானை. கல்யாணமான வருடம் இவர் வாங்கியது. பெரிய பட்டறையின் கைவேலை, வயிற்றில் லேபிளே இருக்கிறது என்பார் இவர். தெருவோரத்தில் விற்கிற பன்றிக்குட்டி என்பார் இவருடைய அண்ணன். ஒரு விசேஷம் பாக்கியில்லாமல் இருவரும் மல்லுக்கு நின்றாயிற்று.

இன்று தீர்ப்பு. அதற்காகவே கண்ணாடிப் பொருள்களை மதிப்பிடுகிற இந்த நிபுணரை இவர் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தார்.

வருகிறவர் தூசியோடு பார்க்க வேண்டாமே என்று காலையில் அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட புண்ணியவதி நான்தான்.

துடைக்கும்போதுதான் கவனித்தேன். வயிற்றில் நகக்கண் அளவு காகிதத் துணுக்குதான் மிச்சம். மற்ற லேபிளைக் காணோம். தொட்டியில் துழாவினேன், குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். ஊஹூம். வாயைத் திறக்காமல் நீர்யானையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டேன்.

நிபுணர் பூதக்கண்ணாடி வழியே காதுகளைப் பார்த்தார். முதுகைத் தடவினார். காது மடித்த விதம் அந்தப் பட்டறையுடையது போலத்தான் இருக்கிறது என்றார். ஆனால் அதே மாதிரி மடித்துப் போலி செய்தவர்களும் உண்டாம். லேபிள் இல்லாமல் பெயர் சொல்ல மாட்டேன் என்று கைவிரித்துவிட்டார்.

இவர் நீர்யானையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். உதட்டை வேறு கடித்துக்கொண்டு நின்றார். பாவம், அழுகையை அடக்குகிறார் என்று நினைத்தேன். இனி ஆயுசுக்கும் பன்றி பன்றி என்று அண்ணன் குடைந்தெடுப்பாரே. எனக்குத் தாங்கவில்லை.

"லேபிள் இருந்துச்சுங்க. நான்தான் கழுவித் தொலைச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

நிபுணர் சிரித்தார். போலி வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் லேபிள் கழுவும்போதுதான் போகிறதாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பூதக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

அதற்குள் இவர் என் கையைப் பிடித்து, நீர்யானையைப் புரட்டுவது போலவே, முழங்கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

ஏதோ ஒட்டியிருந்தது. சுரண்டப் போனேன்.

"பிய்க்காதீங்க!" என்று நிபுணர் அலறினார்.

பூதக்கண்ணாடி என் முழங்கைக்கு வந்தது. மூலை கிழிந்த லேபிள். மனிதர் என்னைக் குனியச் சொல்லி, நீர்யானையின் வயிற்றை என் முழங்கையோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். மிஞ்சிய துணுக்கும் கிழிந்த மூலையும் கச்சிதமாகப் பொருந்தின. பட்டறையின் பெயரை வாய்விட்டு வாசித்தார், இவர் சொல்லிக்கொண்டிருந்த அதே பெயரை.

அசையாதே என்று சொல்லிவிட்டு இவர் போனை எடுத்தார். என் முழங்கையும் நீர்யானையும் படமாகி அண்ணனுக்குப் போயின.

குனிந்தபடியே கேட்டேன், எப்போது பார்த்தீர்கள் என்று.

"அவருக்குத் தண்ணி குடுத்தியே, அப்பவே. நீயா சொல்றியா இல்லையான்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

பாவி மனுஷன். அழுகிறார் என்றல்லவா நினைத்தேன்!