செடி வீடா, பிராணி வீடா?

மழை விட்ட காலையில் காட்டில் ஒரு விருந்து. இடப்பக்கம் செடிகொடிகளுக்கு, வலப்பக்கம் பிராணிகளுக்கு என்று பந்தி போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் விட்டிருந்த வழியில் ஒரு காளான் முளைத்தது. அதற்குச் சாயங்காலம் வரைதான் ஆயுள். அதற்குள் யார் பக்கத்திலாவது உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஆசை.

வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த அணில் ஓடி வந்தது. “வாங்க வாங்க! செடி வீடா, பிராணி வீடா?”

“மண்ணில்தானே முளைச்சேன். செடி வீடாத்தான் இருக்கணும்.”

நாவல் மரம் குனிந்து பார்த்தது. “எங்க வீட்டில் எல்லாரும் வெயிலில் சமைக்கிறவங்க. உனக்குச் சமைக்கத் தெரியுமா தம்பி?”

“தெரியாதுங்க. மக்கிப்போனது ஏதாவது கிடைச்சா சாப்பிடுவேன்.”

“அடுத்தவங்க சமைச்சதைச் சாப்பிடற ஆளா? அப்ப நீ அந்த வீடு.”

எதிர் வரிசையில் வெள்ளாடு மென்றுகொண்டே சொன்னது: “எங்க ஆளுன்னா எழுந்து நாலடி நடந்து வரட்டும், பார்ப்போம்.”

பிராணிகள் சிரித்தன. காளானால் அசைய முடியவில்லை.

அணிலுக்குச் சங்கடமாகிவிட்டது. எங்கிருந்தோ மக்கிய தேக்கிலை ஒன்றை இழுத்து வந்து காளானின் முன்னால் போட்டது. “கவலையே படாதீங்க. உங்களுக்குன்னு தனியா மூணாவது வரிசையே போட்டாச்சு!”

காளான் இரண்டு பக்கமும் பார்த்தது. அங்கே ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“பரிமாறட்டுமா?” என்றது அணில்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றது காளான். “எங்க வீட்டு ஆளுங்களும் வந்துடட்டும்.”